பட்டாலிக் முகட்டில் ஒரு திருச்சி வீரர்: மேஜர் சரவணனும் படைவீரனின் நம்பிக்கையும்

திருச்சிராப்பள்ளியின் கன்டோன்மென்ட் பகுதியில் நினைவிடம் அமைத்துப் போற்றப்படும் மேஜர் மாரியப்பன் சரவணன், 1999ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் விடியற்காலையில், கார்கில் போரின் பட்டாலிக் முனையில், 14,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்த பகைவரின் அரண் ஒன்றைத் தாக்கச் சென்ற படைக்குத் தலைமை தாங்கி உயிர்நீத்தவர். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. பகைவர் முன்னிலையில் காட்டப்படும் வீரத்துக்காக இந்திய அரசு வழங்கும் விருதுகளில் பரம வீர சக்கரம், மகா வீர சக்கரம் ஆகியவற்றுக்கு அடுத்த நிலையில் உள்ள வீர சக்கரம் அவருடைய மறைவுக்குப் பின் அவருக்கு வழங்கப்பட்டது. களத்தில் அவர் ஆற்றிய செயலை அந்த விருதுக்கான பாராட்டுரை பதிவு செய்து வைத்திருக்கிறது. ஆனால், எதை நம்பி அவர் அந்தச் சரிவில் ஏறினார், எந்த நம்பிக்கை அவரைக் கடைசி நொடிவரை முன்னோக்கி நடத்தியது என்ற கேள்விக்கு விடை தேட வேண்டுமானால், அவர் வளர்ந்த ஊரையும் அவர் சேர்ந்திருந்த படைப்பிரிவையும் ஒருசேர வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சரவணன் 1972ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் இராமேசுவரத்தில் பிறந்தார். தந்தையும் இராணுவ அதிகாரியாக இருந்தவர் என்பதால், மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் வீட்டைக் கட்டிப் புறப்படும் வாழ்க்கையும், சீருடைக்குரிய ஒழுங்கும் அவருக்குச் சிறுவயதிலேயே பழக்கமானவை. கல்லூரிப் படிப்பைத் திருச்சி பிஷப் ஹீபர் கல்லூரியில் முடித்தார். அக்கல்லூரி தாங்கியிருக்கும் பெயருக்கு உரியவரான ரெஜினால்ட் ஹீபர், கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயராக இருந்து, 1826ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் காலையில் கோட்டைக்குள் இருக்கும் கிறிஸ்து ஆலயத்தில் தமிழ்ச் சபையாருக்கு ஆசி வழங்கிவிட்டு வந்தபின், அதே நாளில் திருச்சியிலேயே இறந்து, அங்குள்ள தூய யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டவர். அந்தக் கிறிஸ்து ஆலயத்தை 1766இல் எழுப்பிய ஜெர்மானிய ஊழியர் ஸ்வார்ட்ஸ், கோட்டைக் காவற்படையினருக்கும் குருவாக இருந்து, படைவீரர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர். இராமேசுவரத்தில் பிறந்த ஒருவர், பேராயர் ஒருவரின் பெயர் தாங்கிய கல்லூரியில் பயின்று, பின்னர் வடநாட்டுப் படைப்பிரிவொன்றுக்குச் செல்வது திருச்சிக்கு வியப்பான செய்தியாக இருந்ததில்லை. வழிபாடும் படையும் ஒரே தெருவில் வாழ்ந்து பழகிய ஊர் அது.

சரவணன் சேர்ந்தது பிகார் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன். ரெஜிமெண்ட் என்பது பொதுவான பெயர், சின்னம், மரபு ஆகியவற்றால் பிணைக்கப்பட்ட படைக்குடும்பம். பட்டாலியன் என்பது அதிலிருந்து களத்துக்குச் சென்று போரிடும் அலகு. அதனுள் ஓர் அதிகாரியின் நேரடித் தலைமையில் ஏறத்தாழ நூறு பேரைக் கொண்டு இயங்குவது கம்பெனி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941ஆம் ஆண்டில் உருவான முதல் பிகார் பட்டாலியன் பர்மாவில் ஹாகா, கங்காவ் என்னும் இடங்களில் போரிட்டுப் பெயர் பெற்றது. பிகார் சமவெளியின் உழவர் குடிகளைச் சேர்ந்தவர்களும், சோட்டா நாக்பூர் மேட்டுநிலத்தின் முண்டா, ஓராவோன், சந்தால் முதலிய பழங்குடியினரும் அதன் அணிகளில் தோளோடு தோள் நிற்கிறார்கள். இவர்களுக்குள்ளேயே அனுமனை வழிபடுவோர் உண்டு, சர்னா எனப்படும் புனிதச் சோலையில் இயற்கையை வழிபடுவோர் உண்டு, கிறித்தவர்களும் உண்டு. காவிரிக் கரையிலிருந்து சென்ற தமிழ் அதிகாரி ஒருவர் இவர்களுக்குத் தலைவராக வேண்டுமானால், முதலில் அவர்களுடைய மொழியைக் கற்க வேண்டும்; அடுத்து, அவர்கள் எதை வணங்குகிறார்களோ அதன் முன் அவர்களோடு நின்று தலைவணங்கப் பழக வேண்டும்.

இந்திய இராணுவத்தில் இதற்கெனத் தெளிவான முறைமை இருக்கிறது. வீரர்களின் சமயத்துக்கு ஏற்பப் பண்டிதர், கிரந்தி, மௌல்வி, பாதிரியார் என மத ஆசிரியர்கள் படைப்பிரிவுகளில் இளநிலை அதிகாரிகளாகவே பணியமர்த்தப்படுகிறார்கள். பல சமயத்தார் கலந்திருக்கும் இடங்களில் எல்லாருக்கும் பொதுவான வழிபாட்டு இடம் ‘சர்வ தர்ம ஸ்தலம்’ என்ற பெயரில் ஒரே கூரையின் கீழ் அமைகிறது. பயிற்சி முடிக்கும் வீரன் ‘கசம் பரேட்’ எனப்படும் உறுதிமொழி அணிவகுப்பில், தனக்குரிய வேதநூலைச் சான்றாக வைத்து, தரைவழியாகவோ கடல்வழியாகவோ வான்வழியாகவோ அனுப்பப்படும் இடத்துக்குச் செல்வதாகவும், உயிருக்கு இடர் நேர்ந்தாலும் கட்டளைக்குப் பணிவதாகவும் உறுதிமொழி கொடுக்கிறான். ‘மந்திர் பரேட்’ எனப்படும் கூட்டு வழிபாட்டில் அதிகாரி தம் சொந்தச் சமயம் எதுவாயினும் தம் வீரர்களின் சமயத்தையே தமதாகக் கொண்டு, காலணிகளைக் கழற்றிவிட்டு அவர்களோடு தரையில் அமர்ந்து ஆரத்தியையும் பிரசாதத்தையும் ஏற்றுக்கொள்வது நெடுநாள் வழக்கம். ஆணையிடும் உரிமையைப் பதவி தருகிறது. அந்த ஆணையை ஏற்று மரணத்தின் முன் செல்லும் மனத்தை இவ்வாறு உடனமர்ந்த வழிபாடு தருகிறது.

பிகார் ரெஜிமெண்டின் போர்முழக்கங்கள் இரண்டு. ‘ஜெய் பஜ்ரங் பலி’ என்பது அனுமனை அழைப்பது. ‘பிர்சா முண்டா கீ ஜெய்’ என்பது பிரிட்டிஷ் ஆட்சியையும் நிலக் கொள்ளையையும் எதிர்த்துப் பழங்குடி மக்களைத் திரட்டி, 1900ஆம் ஆண்டில் ராஞ்சிச் சிறையில் இருபத்தைந்து வயது நிறைவதற்கு முன்பே இறந்த பிர்சா முண்டாவை அழைப்பது. முதல் முழக்கம் திருச்சியை அடுத்த திருவரங்கத்துக்கு அயலானதே அன்று. அரங்கநாதர் இராமபிரானின் குலதெய்வமாக அயோத்தியில் இருந்தவர் என்றும், முடிசூட்டு விழாவுக்குப் பின் விபீடணனிடம் அளிக்கப்பட்டு, அவன் இலங்கைக்கு எடுத்துச் செல்லும் வழியில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இத்தீவில் பள்ளிகொண்டுவிட்டார் என்றும் தலவரலாறு சொல்கிறது. கம்பர் தம் காவியத்தை அரங்கேற்றியதாகச் சொல்லப்படும் மண்டபமும் அக்கோயிலின் தாயார் சன்னிதி அருகே நிற்கிறது. அனுமனின் பெயரைச் சொல்லி மலையேறும் பிகார் வீரனின் குரல், இராமகாதையைத் தன் தெருக்களில் கேட்டு வளர்ந்த ஊருக்குப் புரியாத குரலாக இருக்க வழியில்லை. இரண்டாவது முழக்கம் மட்டும் இங்குள்ளோர் கற்றுக்கொள்ள வேண்டியது.

கார்கில் போரின் தொடக்கம் பட்டாலிக்கோடு நெருங்கிய தொடர்புடையது. குளிர்காலத்தில் இரு தரப்பும் விட்டு இறங்கும் உயரமான காவல்நிலைகளைப் பாகிஸ்தான் படையினர் 1999ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரகசியமாகக் கைப்பற்றியிருந்ததை, அவ்வாண்டு மே 3ஆம் நாள் முதலில் கண்டு சொன்னவர் பட்டாலிக் பகுதியிலுள்ள கார்க்கோன் கிராமத்தைச் சேர்ந்த டாஷி நம்கியால் என்னும் கால்நடை மேய்ப்பர். காணாமற்போன தம் யாக் எருதைத் தேடி மலையேறியவரின் கண்ணில்தான் அந்த ஊடுருவல் பட்டது. மே மாத இறுதியில் இந்தியத் தாக்குதல் தொடங்கியபோது, மேலேயுள்ளவர்களின் எண்ணிக்கையும் படைக்கல வலிமையும் முழுமையாகத் தெரிந்திருக்கவில்லை. உயரத்துக்கு உடல் பழகுவதற்கான நாள்களும் போதிய அளவு கிடைக்கவில்லை. அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். சுமையோடு சில அடிகள் ஏறினாலே மூச்சு முட்டும். 83 மீட்டர் உயரமுள்ள மலைக்கோட்டையை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு, நாலாயிரம் மீட்டரைத் தாண்டிய மொட்டைப் பாறைச் சரிவில், மேலிருந்து சுடுவோரின் பார்வையில், மறைவிடம் இன்றி ஏறுவது என்னவென்று எண்ணிப் பார்ப்பதே கடினம்.

மே 28ஆம் நாள் இரவில் சரவணனின் கம்பெனிக்கு, ஜூபர் மலைப்பகுதியில் வலுவாக அரணமைத்திருந்த நிலையொன்றைக் கைப்பற்றும் பணி ஒப்படைக்கப்பட்டது. அதிகாலை நான்கு மணியளவில் தாக்குதல் தொடங்கியது. பீரங்கிக் குண்டுகளும் துப்பாக்கிச் சூடும் மேலிருந்து பொழிய, சரவணன் ராக்கெட் லாஞ்சரைத் தம் தோளில் ஏந்திப் பகைவரின் பதுங்குகுழிக்குள் சுட்டதில் அங்கிருந்த இருவர் மாண்டனர். குண்டுச் சில்லுகள் பாய்ந்து காயமுற்ற பின்னும் அவர் போரிடுவதை நிறுத்தவில்லை. காயம்பட்டோர் பெருகியதால் பின்வாங்கும்படி மேலதிகாரியிடமிருந்து வானொலியில் சொல் வந்தபோதும், இலக்கு மிக அருகில் இருக்கிறது என்று அவர் முன்னேறியதாகப் படைப்பிரிவு நினைவுகூர்கிறது. தலையில் பாய்ந்த குண்டு அவரை வீழ்த்தியது. அதே போரில், அதே பட்டாலியனைச் சேர்ந்த நாயக் கணேஷ் பிரசாத் யாதவும் முன்னின்று போரிட்டு வீழ்ந்தார். அவருக்கும் மறைவுக்குப் பின் வீர சக்கரம் வழங்கப்பட்டது. நாயக் என்பது ஒரு சிறு பிரிவைக் களத்தில் நடத்திச் செல்லும் பதவி. பிகார் மண்ணில் பிறந்த நாயக்கும் தமிழ் மண்ணில் வளர்ந்த மேஜரும் ஒரே நாளில், ஒரே சரிவில் உயிர் கொடுத்தார்கள் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சரவணனின் நம்பிக்கை எது என்ற கேள்விக்கான விடையின் பெரும்பகுதி இதற்குள் இருக்கிறது.

அந்த முகடு பகைவரின் துப்பாக்கி எல்லைக்குள்ளேயே நீடித்ததால், வீழ்ந்தவரின் உடலை உடனே மீட்க முடியவில்லை. ஜூலை முதல் வாரத்தில் அதே முதல் பிகார் பட்டாலியன் ஜூபர் முகட்டைக் கைப்பற்றும்வரை, ஒரு மாதத்துக்கும் மேலாக அந்த உடல் பனிமலையிலேயே கிடந்தது. திருச்சியில் அது கத்திரி வெயில் முடிந்து ஆடிக்காற்று தொடங்கும் காலம். இந்திய வீடுகளுக்குள் தொலைக்காட்சி வழியாக நாள்தோறும் வந்த முதல் போர் அது. மாலைச் செய்தியில் மலைமுகடுகளின் பெயர்கள் அறிவிக்கப்படும், மறுநாள் காலை தேநீர்க் கடைகளில் நாளிதழ்களின் முதல் பக்கம் கைமாறும், பள்ளிகளில் போர் நிதிக்கான உண்டியல்கள் வைக்கப்படும். இறந்த செய்தி வந்தும் உடல் வராத ஒரு வீட்டின் நிலையை ஊர் முழுவதும் அறிந்திருந்தது. தமிழ் இல்லங்களில் இறப்புக்குப் பின் செய்யப்படும் ஒவ்வொரு சடங்கும் உடலை முன்னிட்டே தொடங்குகிறது. நீராட்டுதல், வாய்க்கரிசி இடுதல், கொள்ளி வைத்தல், ஆற்றில் அஸ்தி கரைத்தல் என அடுத்தடுத்து வரும் அந்த வரிசையில் முதற்படியே கிட்டாதபோது, துக்கத்துக்குக் கால் ஊன்ற இடம் இருப்பதில்லை.

முந்தைய போர்களில், பெரும்பாலான வீரர்களுக்குப் போர்முனையின் பின்புறத்திலேயே படைப்பிரிவின் மத ஆசிரியரால் ஈமச்சடங்கு செய்யப்பட்டு, வீட்டுக்குச் சாம்பலோ உடைமைகளோ ஒரு கடிதமோ மட்டுமே வந்து சேர்ந்தன. கார்கிலில்தான் வீழ்ந்தவர்களின் உடல்களைத் தேசியக் கொடி போர்த்திய பெட்டிகளில் அவரவர் சொந்த ஊருக்கு அனுப்பிவைக்கும் வழக்கம் பரவலாயிற்று. இந்தியா இழந்த 527 வீரர்களில் பலர் இவ்வாறு சிற்றூர்களுக்கும் நகரங்களுக்கும் திரும்பினார்கள். இதனால் போர்வீரனின் மரணம் படைமுகாமின் செய்தியாக நின்றுவிடாமல், ஊர் மக்கள் நேரில் நின்று வழியனுப்பும் நிகழ்வாக மாறியது. சரவணனின் உடலை மீட்பதற்காக அதே மலையில் மீண்டும் ஏறியவர்கள் அவருடைய பட்டாலியன்காரர்கள். இறந்தவரை மலையில் விட்டுவிட்டு இறங்குவதில்லை என்பது படையின் எழுதாத சட்டம். உயிரோடு இருப்பவனைத் தாக்குதலுக்கு அனுப்பும் துணிவும் இந்தச் சட்டத்தின் மேல்தான் நிற்கிறது. தான் வீழ்ந்தாலும் தன்னைத் தேடி வருவார்கள் என்று ஒவ்வொருவனும் அறிந்திருக்கிறான்.

இத்தகைய மரணத்தை ஏற்றுக்கொள்ளவும் நினைவில் நிறுத்தவும் திருச்சிக்கும் திருவரங்கத்துக்கும் நெடுங்காலப் பழக்கம் உண்டு. 1323ஆம் ஆண்டில் தில்லி சுல்தானின் படை திருவரங்கத்தைத் தாக்கியதையும், அப்போது பன்னீராயிரம் வைணவர்கள் கோயிலைக் காக்கும் முயற்சியில் தலை கொடுத்ததையும் ஸ்ரீவைணவ மரபு தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறது. கோயிலின் வரலாற்றையும் நடைமுறைகளையும் தொகுத்துச் சொல்லும் ‘கோயிலொழுகு’ என்னும் நூலும் அக்கலகத்தை நினைவுபடுத்துகிறது. அரங்கனின் உற்சவ மூர்த்தியைப் பிள்ளை லோகாசாரியர் தென்திசைக்கு எடுத்துச் சென்றதும், இறந்தோரின் உடல்களுக்கு நடுவே மறைந்திருந்து வேதாந்த தேசிகர் ‘சுருதப்பிரகாசிகை’ என்னும் உரைநூலின் சுவடியைக் காத்ததும், கிழக்கிலுள்ள வெள்ளைக் கோபுரத்தின் மீதிருந்து படைத்தலைவனைத் தள்ளித் தானும் குதித்து இறந்த வெள்ளையம்மாள் என்னும் தேவரடியாரின் கதையும் அம்மரபின் பகுதிகள். உற்சவ மூர்த்தி திரும்பி வந்தது 1371ஆம் ஆண்டில், விஜயநகரத்தின் அதிகாரியான கோபண்ணரின் முயற்சியால். இம்மரபு கவனிக்கத்தக்க ஒன்றைச் செய்கிறது: எதிரியை வென்றவர்களைவிட, தம்மிடம் ஒப்படைக்கப்பட்டதைக் காப்பதற்காக மாண்டவர்களையே அது முதன்மையாக நினைக்கிறது. ஆனால் அந்தப் பன்னீராயிரவரில் மிகச் சிலரைத் தவிர மற்றவர்களின் பெயர்கள் காலத்தில் கரைந்துவிட்டன.

இன்னொரு நிகழ்ச்சி 1752ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆர்க்காட்டு நவாப் பதவிக்காக முகமது அலியும் சந்தா சாகிபும் மோதிய போரில், சந்தா சாகிபும் அவருக்குத் துணைநின்ற பிரெஞ்சுப் படையும் திருவரங்கத் தீவில் முற்றுகைக்கு உள்ளாகி, திருவரங்கம், திருவானைக்கா ஆகிய கோயில்களையே அரண்களாகக் கொண்டிருந்தனர். ஜூன் மாதத்தில் அவர்கள் தோற்றுச் சரணடைந்தபோது, திருவரங்கக் கோயிலுக்குள் இருந்த ஏறத்தாழ ஆயிரம் இராசபுத்திர வீரர்கள் மட்டும், வெற்றிபெற்ற ஆங்கிலேயப் படையினர் உட்சுற்றுகளுக்குள் கால்வைத்தால் கடைசி ஆள்வரை வெட்டி மடிவோம் என்று வழிமறித்து நின்றதையும், அவர்களுடைய துணிவைக் கண்டு வியந்த ஆங்கிலேயர் அவ்வாறு நுழைவதில்லை என்று உறுதியளித்ததையும் அக்காலத்து வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் பதிவு செய்திருக்கிறார். அந்த வீரர்கள் இந்த மண்ணில் பிறந்தவர்கள் அல்லர். பாசுரங்களின் தமிழும் அறியாதவர்கள். கூலிக்குப் போரிட வந்து, தங்கள் தலைவனை இழந்து நின்றவர்கள். ஆயினும் தாங்கள் தங்கியிருந்த இடத்தின் புனிதத்தைத் தங்கள் பொறுப்பாக ஏற்றுக்கொண்டார்கள். வடக்கிலிருந்து வந்த வீரர்கள் காவிரித் தீவின் கோயிலுக்காக வழிமறித்து நின்றதும், காவிரிக் கரையிலிருந்து சென்ற அதிகாரி பஜ்ரங் பலியின் பெயரைச் சொல்லும் வீரர்களோடு இமயத்தில் ஏறியதும், இருநூற்று நாற்பத்தேழு ஆண்டு இடைவெளியில் ஒரே நம்பிக்கையின் இரு முகங்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வேறொரு வகை நினைவைத் திருச்சிக்குத் தந்தது. காந்தி சந்தை அருகே நிற்கும் முதல் உலகப்போர் நினைவுச்சின்னம், இந்த ஊரிலிருந்து 1914 முதல் 1919 வரை போருக்குச் சென்றவர்கள் எத்தனை பேர், உயிர் துறந்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கை மட்டும் ஆங்கிலத்தில் சொல்கிறது. ஒரு பெயரும் அதில் இல்லை. அதே போருக்குப் பின் பேரரசின் போர்க் கல்லறைகளைப் பராமரிக்கத் தொடங்கிய ஆணையம், வீரனின் சமயத்துக்கு ஏற்பக் கல்லில் குறி பொறிக்கும் வழக்கத்தைக் கொண்டிருந்தது: கிறித்தவருக்குச் சிலுவை, முஸ்லிமுக்கு அரபு வாசகம், இந்துவுக்கு ஓம் எனத் தொடங்கும் வாசகம். புதுதில்லியில் 2019ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகம் மூன்றாவது முறையைத் தேர்ந்தெடுத்தது. அங்கே ‘தியாக சக்கரம்’ எனப்படும் வட்டச் சுவர்களில் 25,000க்கும் மேற்பட்ட வீரர்கள், ஒருவருக்கு ஒரு கருங்கல் என்ற கணக்கில், பெயராலும் பதவியாலும் படைப்பிரிவாலும் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். சமயக் குறி எதுவும் இடப்படவில்லை. எண் மட்டும் சொன்ன கல், சமயத்தைச் சொன்ன கல், பெயரையும் படைப்பிரிவையும் சொல்லும் கல் ஆகிய மூன்றில், வீரனின் நம்பிக்கைக்கு மிக அருகில் வருவது மூன்றாவதே. யாரோடு நின்றான் என்பதை அது சொல்கிறது.

பழந்தமிழர் இதை முன்பே அறிந்திருந்தார்கள். வீழ்ந்த வீரனுக்குக் கல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியத்தின் புறத்திணையியல் ஆறு படிகளாக வகுக்கிறது: தகுந்த கல்லைத் தேர்ந்து காணும் காட்சி, அதை எடுத்துவரும் கால்கோள், நீராட்டித் தூய்மை செய்யும் நீர்ப்படை, நிலத்தில் நிறுத்தும் நடுதல், படையலிட்டுச் சிறப்பிக்கும் பெரும்படை, இறுதியாக வாழ்த்துதல். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் மிகுதியாகக் கிடைத்துள்ள இக்கற்களின் எழுத்துகள் சுருக்கமானவை. அரசனின் ஆட்சியாண்டு, ஊர், வீரன் யாருடைய சேவகன், பெயர், எதற்காக வீழ்ந்தான் என்பவற்றைச் சொல்லி, ‘பட்டான்’ என்ற வினையோடு முடிந்துவிடும். ஊரின் ஆநிரையை மீட்டவன், காட்டு விலங்கிடமிருந்து மக்களைக் காத்தவன், தலைவனுக்காகப் போரிட்டவன் என அவர்கள் பலவகையினர். அவர்கள் எந்தத் தெய்வத்தை வழிபட்டார்கள் என்பதைக் கல் சொல்வதில்லை. மாறாக, அவர்களே வழிபடப்படுபவர்களாக மாறினார்கள். நம்பிக்கைக்காக வாழ்ந்தவனைப் பின்வந்தோர் நம்பிக்கைக்குரியவனாக ஏற்றுக்கொண்ட இடம் நடுகல்.

பிகார் ரெஜிமெண்டின் வாசகம் ‘கரம் ஹீ தரம்’ என்பது. செய்ய வேண்டிய கடமையே அறம் என்று அது வீரனுக்குச் சொல்கிறது. இந்தக் கருத்தைத் திருவரங்கத்தின் வழியாகப் புரிந்துகொள்வதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. இராமானுசர் தம் வாழ்வின் பெரும்பகுதியைத் திருவரங்கத்தில் கழித்தவர். போர்க்களத்தில் ஆயுதத்தைக் கீழே போட்ட ஒருவனுக்குச் சொல்லப்பட்ட நூலான பகவத்கீதைக்கு அவர் எழுதிய உரையில், செயலை விட்டுவிடுவது துறவாகாது என்றும், செயலின் பயன் எனக்கே என்ற எண்ணம், இச்செயல் என்னுடையது என்ற எண்ணம், செய்பவன் நானே என்ற எண்ணம் ஆகிய மூன்றையும் விட்டுச் செயலைச் செய்வதே துறவு என்றும் விளக்குகிறார். இவ்வாறு தனக்கென எதையும் கருதாமல் செய்யும் தொண்டைத் திருவரங்கத்தார் கைங்கரியம் என்பார்கள். விடிவதற்கு முன் பூக்குடலையோடு மதில்களைக் கடந்து செல்பவரும், திருமஞ்சனத்துக்குக் காவிரி நீர் சுமப்பவரும், திருத்தேர் வடம் பிடிப்பவரும் அதே சொல்லால் தம் பணியைக் குறிக்கிறார்கள். முகட்டைக் கைப்பற்றுவதன் பயன் தனக்குக் கிட்டாது என்று அறிந்தும் ஏறுகிறவனின் செயலை இந்த ஊர் இதைவிடப் பொருத்தமான எந்தக் கருத்தைக் கொண்டும் விளங்கிக்கொள்ள முடியாது. சரவணன் தம் கம்பெனிக்கு முன்னால் சென்றார். அந்த இடம் பதவியால் அவருக்கு உரியது. அதை அவர் இறுதிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

கார்கில் வெற்றி நாளான ஜூலை 26ஆம் நாளிலும், அவருடைய நினைவு நாளான மே 29ஆம் நாளிலும் கன்டோன்மென்ட் நினைவிடத்தில் மலர்வளையம் வைக்கப்படுகிறது. முன்னாள் படைவீரர்கள் பதக்கங்களை அணிந்து வருகிறார்கள். தேசிய மாணவர் படையினர் அணிவகுத்து நிற்கிறார்கள். இராணுவ அஞ்சலியில் ‘சோக் சஸ்திர’ என்ற ஆணை கேட்டதும் துப்பாக்கிகள் தலைகீழாகத் திருப்பப்பட்டு, குழல்முனை நிலத்தை நோக்க, வீரர்கள் கைகளை அதன் அடிப்பகுதியின் மேல் வைத்துத் தலைதாழ்த்தி நிற்பார்கள். ஊதுகுழலில் இறுதி அழைப்பு ஒலிக்கும். பின்னர் துப்பாக்கிகள் மீண்டும் நிமிர்த்தப்படும். எந்தச் சமயத்தவருக்கும் உரியதாக இருக்கும் இந்தச் சடங்கில் மந்திரம் இல்லை. ஆயினும் அதன் ஒழுங்கில் வழிபாட்டின் தூய்மை இருக்கிறது. அங்கு நிற்கும் மாணவர்களில் பெரும்பாலோர் 1999க்குப் பின் பிறந்தவர்கள். சரவணனின் பெயர் அவர்களுக்கு ஒரு சாலையின் பெயராகவும் ஒரு சிலையின் பெயராகவும் மட்டும் எஞ்சிவிடக் கூடாது என்ற அக்கறை, அவரை நினைக்கும் ஒவ்வொருவருக்கும் இருந்தாக வேண்டும்.

அந்த மாணவர்களிடம் சொல்ல வேண்டியது இதுதான். சரவணனின் நம்பிக்கை அவருக்கு முன்னும் பின்னும் ஏறிய மனிதர்களின் மேல் இருந்தது. அவர்கள் பேசியது போஜ்புரியும் மகஹியும் முண்டாரியும். உண்டது வேறு உணவு. அழைத்தது பஜ்ரங் பலியையும் பிர்சா முண்டாவையும். அவர்களைத் தம்மவராக ஏற்றுக்கொண்டதும், அவர்கள் இவரைத் தம்மவராக ஏற்றுப் பின்சென்றதும், ஒரு மாதத்துக்குப் பின் அதே மலையை வென்று அவரைத் தாயிடம் சேர்த்ததுமே அவருடைய சமயத்தின் முழு வரலாறு. ஆகவே, அவரைத் தனியாக நினைப்பது அரைகுறை நினைவாகவே இருக்கும். திருச்சியில் மேஜர் சரவணனின் பெயர் உரைக்கப்படும் ஒவ்வொரு மே 29இலும் நாயக் கணேஷ் பிரசாத் யாதவின் பெயரும், அந்தச் சரிவில் மாண்ட முதல் பிகார் வீரர்கள் ஒவ்வொருவரின் பெயரும் உரக்கப் படிக்கப்பட வேண்டும். பன்னீராயிரவரின் பெயர்களைக் காலத்திடம் இழந்த ஊர், சந்தைக் கல்லில் எண்ணிக்கையை மட்டும் பெற்றுக்கொண்ட ஊர், இம்முறை பெயர்களை இழக்க வேண்டியதில்லை. அவை எழுத்தில் இருக்கின்றன, அவற்றைப் படிக்கும் பொறுப்பு மட்டுமே மீதமிருக்கிறது.